வெளியில் மாட்டும் வைஃபை மெஷ் அக்சஸ் பாயிண்ட்: எந்தப் பெட்டி, எத்தனை ரேடியோ?

6 ஜனவரி 2024 – கேள்வி

"வளாகத்தில் எட்டு கட்டடங்கள். ஒன்றுக்கொன்று 80 முதல் 200 மீட்டர் தூரம், நடுவில் மரங்கள். இணைய இணைப்பு முதல் கட்டடத்துக்கு மட்டும்தான் வருகிறது. தரையைத் தோண்டிக் கேபிள் போட அனுமதி கிடைக்காது. 2.4 கிகாஹெர்ட்ஸ், 1 வாட் சக்தி, 12 டிபிஐ ஓம்னி (நாலு பக்கமும் பேசும்) ஆன்டெனா உள்ள வெளிப்புறப் பெட்டி எட்டு வாங்கி மெஷ் போட்டுவிட்டால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும் என்பது என் கணக்கு. எந்தப் பெட்டி நல்லது?"

6 ஜனவரி, இரவு

பெட்டியின் பெயரை அப்புறம் பார்க்கலாம். மெஷ் என்றால் வைஃபை பெட்டிகள் (நோடுகள்) காற்றிலேயே ஒன்றிடமிருந்து ஒன்றுக்கு டேட்டாவைக் கைமாற்றுவது, ஒவ்வொரு கைமாற்றமும் ஒரு ஹாப். அதற்குள் எத்தனை ரேடியோ என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். ஒரே ரேடியோ என்றால் அது பேசும்போது கேட்காது, கேட்கும்போது பேசாது. இரண்டாவது கட்டடத்து நோடு, முதல் நோடிடம் ஒரு பாக்கெட்டை (டேட்டாவின் சிறு துண்டை) வாங்கி மூன்றாவதுக்குக் கொடுக்க வேண்டும். வாங்குவதும் கொடுப்பதும் ஒரே சேனலில். அதாவது அதே பாக்கெட் காற்றில் இரண்டு முறை இடம் பிடிக்கிறது. கீழே நடமாடுகிறவர்களின் போன்களும் அதே சேனலில்தான் முறைக்காகக் காத்திருக்கும். எட்டாவது கட்டடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன மிஞ்சும் என்று பாருங்கள்.

குறைந்தது இரண்டு ரேடியோ வேண்டும். ஒன்று நோடுகள் தங்களுக்குள் பேச, மற்றொன்று போன், லேப்டாப்புக்கு. இதில் சமரசம் வேண்டாம்.

7 ஜனவரி

"ஹாப்புக்கு ஹாப் வேகம் பாதியாகும்" என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள். நேற்று நான் எழுதியதையும் சிலர் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பாதி, கால், அரைக்கால் என்று போனால் எட்டாவது நோடில் தூசிதான் மிஞ்சும். நிலைமை அவ்வளவு மோசமில்லை. எல்லா நோடுகளும் ஒன்றையொன்று கேட்கும் தூரத்தில் இருந்தால் இரண்டு ஹாப்புக்கு 1/2, மூன்றுக்கு 1/3, நான்குக்கு 1/4. சங்கிலி இன்னும் நீண்டால், ஒரு முனையும் மறு முனையும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் ஒரே நேரத்தில் பேசலாம். அதனால் சரிவு ஓரிடத்தில் நின்றுவிடும். எம்ஐடியில் 2001இல் வெளியான ஆய்வு ஒன்று, நீண்ட சங்கிலிக்கு ஏட்டுக் கணக்கில் 1/4 வரை வரலாம் என்றது. 802.11 (வைஃபை) விதிகளை வைத்து சிமுலேஷன் ஓட்டியபோது 1/7 பக்கம்தான் வந்தது.

அந்த ஆய்வுக் குழுவிலிருந்துதான் ரூஃப்நெட் என்ற கூரை மெஷ் வலை பிறந்தது, அதிலிருந்து 2006இல் மெராக்கி நிறுவனம், 2012இல் அதை 120 கோடி டாலர் கொடுத்து சிஸ்கோ வாங்கியது. 1/7 கிடைத்தும் கோடிகள் கிடைத்திருக்கின்றன, நாம்தான் கவலைப்படுகிறோம்.

9 ஜனவரி

1 வாட் விஷயம். இதைத் தனியாக எழுதாமல் விட மனமில்லை.

1 வாட் என்றால் 30 டிபிஎம் (சக்தியை அளக்கும் டெசிபல் கணக்கு, 10 கூடினால் பத்து மடங்கு). அதனுடன் 12 டிபிஐ கெயின் (ஆன்டெனா சிக்னலைக் குவிக்கும் அளவு) உள்ள ஆன்டெனா சேர்ந்தால் காற்றில் போவது 42 டிபிஎம், ஏறக்குறைய 16 வாட். ஐரோப்பிய விதிப்படி 2.4இல் ஆன்டெனாவையும் சேர்த்து 100 மில்லிவாட்தான். தாராளமான அமெரிக்க விதியே நாலு பக்கமும் பேசும் நோடுக்கு 36 டிபிஎம், அதாவது 4 வாட்டில் நிறுத்திவிடுகிறது. உங்கள் நாட்டு விதி எதுவோ அதைப் பாருங்கள். 16 வாட்டை அனுமதிக்கும் இடத்தை நான் பார்த்ததில்லை.

சட்டம் கிடக்கட்டும், வேலைக்கும் ஆகாது. சட்டைப்பையில் இருக்கும் போன் 15 டிபிஎம் சுற்றிலும்தான் பேசும். ஒலிபெருக்கியில் கத்துகிறவருக்கு, கூட்டத்திலிருந்து ஒருவர் முணுமுணுப்பது கேட்காது. போனில் கோடுகள் நிறைய இருக்கும், பக்கம் மட்டும் திறக்காது. "சிக்னல் ஃபுல்லா இருக்கு, நெட் வரல" என்ற புகார் வந்தால் நான் முதலில் போய்ப் பார்ப்பது சக்தி அமைப்பைத்தான்.

இன்னொன்று. பெட்டியின் விவரத்தாளில் பெரிய எழுத்தில் 28 டிபிஎம் என்று இருக்கும். கீழே அட்டவணையைப் பாருங்கள். அந்த 28 மிகக் குறைந்த வேகத்துக்கு மட்டும். வேகமான மாடுலேஷனுக்கு (டேட்டாவை அலையில் ஏற்றும் முறைக்கு) வரும்போது 21, 22க்கு இறங்கியிருக்கும். வேகம் வேண்டும் என்றுதான் சக்தி கேட்டோம், அந்த இடத்தில் சக்தி கிடையாது.

அப்புறம் அந்த 12 டிபிஐ ஓம்னி. ஓம்னிக்கு கெயின் சும்மா வராது. மேலும் கீழும் போக வேண்டியதைப் பிழிந்து பக்கவாட்டில் தள்ளினால்தான் வரும். 12 டிபிஐயில் செங்குத்துக் கதிர் 7 டிகிரி அளவுக்குச் சுருங்கிவிடும். 100 மீட்டரில் அது ஆன்டெனா மட்டத்துக்கு மேலே 6 மீட்டர், கீழே 6 மீட்டர். மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில் ஒன்று, எதிரே தாழ்ந்த கூரையில் ஒன்று என்றால் ஒன்றின் தலைக்கு மேல் மற்றொன்று பேசிக்கொண்டு போகும். கம்பத்தடியில் நிற்பவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. உயரம் வேறுபடும் இடங்களில் 5 முதல் 8 டிபிஐ ஓம்னி போதும், பல நேரம் அதுதான் நல்லது.

9 ஜனவரி, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டேன். உங்கள் அதிகபட்ச தூரம் 200 மீட்டர். 5.5 கிகாஹெர்ட்ஸில் திறந்த வெளியில் அந்தத் தூரத்துக்கு இழப்பு சுமார் 93 டிபி. இரு முனையிலும் 13 டிபிஐ திசை ஆன்டெனா, சக்தி வெறும் 17 டிபிஎம், அதாவது 50 மில்லிவாட். 17 + 13 + 13 − 93 = −50 டிபிஎம். பேக்ஹாலுக்கு (நோடுக்கு நோடு இணைப்புக்கு) −65 இருந்தாலே நான் திருப்தி அடைவேன். 50 மில்லிவாட்டில் 15 டிபி கையிருப்போடு முடிகிற வேலைக்கு 1 வாட் எதற்கு?

மரம் குறுக்கே இல்லாவிட்டால் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு வருகிறேன்.

14 ஜனவரி

சரி, பெட்டிகள். கொஞ்சம் பழைய கதையிலிருந்து வருகிறேன், ஏனென்றால் இன்றும் இணையத்தில் தேடினால் பழைய ஆலோசனைகள்தான் மேலே வருகின்றன.

2002 இறுதியில் வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரில் லினக்ஸ் ஓடுகிறது என்று கண்டுபிடித்து, ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தைக் காட்டி மூல நிரலை வெளியிட வைத்தார்கள். ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த ரவுட்டர் மென்பொருள் அதிலிருந்து 2004இல் கிளைத்தது. அந்தக் காலத்து "வெளிப்புற அக்சஸ் பாயிண்ட்" என்பது அந்த ரவுட்டரை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து சிலிகான் பூசியதுதான். பெர்லினின் ஃப்ரைஃபுங்க் என்ற சமூக வைஃபை இயக்கத்தின் கூரைகளில் இப்படித்தான் பல ஆரம்பமாயின.

அடுத்தது போர்டு காலம், அதாவது சிறு கணினிப் பலகையை வாங்கி நாமே பெட்டி கட்டுவது. சோக்ரிஸ், பிசி என்ஜின்ஸ் ஆலிக்ஸ், மைக்ரோடிக்கின் ரவுட்டர்போர்டுகள். ஆலிக்ஸில் 500 மெகாஹெர்ட்ஸ் ஏஎம்டி ஜியோட், 256 எம்பி ரேம், இரண்டு மினி-பிசிஐ இடம். ஏதெரோஸ் வைஃபை கார்டு இரண்டைச் செருகி, அலுமினியப் பெட்டிக்குள் வைத்து, சிறு கேபிளால் 'என்' (N) வகை ஆன்டெனா கனெக்டர்களுக்கு இழுத்தால் நினைத்த ரேடியோவை நினைத்த ஆன்டெனாவில் மாட்டலாம். எனக்கு மிகவும் பிடித்த காலம் இது. அந்த மெல்லிய கேபிள்தான் திருடன்: ஆர்ஜி174 வகை 2.4இல் மீட்டருக்கு 2 டிபி பக்கம் தின்னும். ஆன்டெனாவைக் கம்பத்தில் வைத்துப் பெட்டியைக் கீழே வைத்து, நடுவில் பத்து மீட்டர் ஆர்ஜி58 ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். 10 டிபி கேபிளிலேயே போய்விடும். பத்தில் ஒரு பங்குதான் மேலே ஏறுகிறது. இன்று புதிதாக இந்த வழியில் போகாதீர்கள். சோக்ரிஸ் போய்விட்டது, பிசி என்ஜின்ஸும் கடையைக் கட்டுவதாக 2023இல் சொல்லிவிட்டது.

மூன்றாவது, எல்லாம் ஒன்றாக வார்த்த பெட்டி. யுபிக்விட்டி நானோஸ்டேஷன், டிபி-லிங்க் சிபிஇ210, சிபிஇ510 போன்றவை. ஆன்டெனா, ரேடியோ, போர்டு எல்லாம் ஒரே பிளாஸ்டிக்குக்குள். கேபிள் இழப்பு கிடையாது, பிஓஇ வழியாக, அதாவது நெட்வொர்க் கேபிளிலேயே, மின்சாரம். இவை திசை ஆன்டெனா கொண்டவை, ஒரே ரேடியோ. முதல் குறிப்பில் ஒற்றை ரேடியோவைத் திட்டினேன், அது நடு நோடுக்கு. இரண்டு புள்ளிகளை இணைக்க இவற்றை விட்டால் வேறில்லை.

நான்காவது, இரண்டு பேண்டும் உள்ள வெளிப்புற அக்சஸ் பாயிண்ட். டிபி-லிங்க் இஏபி225-அவுட்டோர் ஒரு உதாரணம்: 2.4 ஒன்று, 5 ஒன்று, கழற்றி மாட்டும் ஓம்னிகள், 802.3ஏஎஃப் (பிஓஇக்கான பொதுத் தரம்) மின்சாரம், 128 எம்பி ரேம். நிறுவனத்தின் சொந்த மெஷ்ஷிலும் ஓடும், ஓபன்டபிள்யூஆர்டியும் ஏறும்.

ஐந்தாவது, மூன்று ரேடியோ. 2.4 ஒன்று, 5 இரண்டு. சமூக வலையமைப்புக்காரர்களே வடிவமைத்த லிப்ரெரவுட்டர் இந்த வகை. பெரிய நிறுவனங்களின் மெஷ் பெட்டிகளிலும் உண்டு. நிதி ஒதுக்கீடு உள்ளவர்களுக்கு.

சிப் பற்றி ஒரு வரி. நீங்களே ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) போடுவதாக இருந்தால் ஏடிஹெச்9கே டிரைவரில் ஓடும் பழைய ஏதெரோஸ் சிப்கள் தங்கம். தனி ஃபர்ம்வேர் கோப்பு கிடையாது, மெஷ் சொன்னபடி கேட்கும். ஏடிஹெச்10கே வகைக்குச் சிப்புக்குள் ஏற்றும் மூடிய ஃபர்ம்வேர் வேண்டும், எந்தப் பதிப்பை ஏற்றினீர்கள் என்பதைப் பொறுத்து மெஷ் ஓடும், அல்லது மதியம் வரை ஓடும். மீடியாடெக்கின் எம்டி76 டிரைவர் குடும்பம் இப்போது நல்ல நிலையில் இருக்கிறது. பிராட்காம் என்றால் கீழே வைத்துவிடுங்கள். 4 எம்பி ஃப்ளாஷ், 32 எம்பி ரேம் உள்ள பெட்டி இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம், ஓபன்டபிள்யூஆர்டியில் அவற்றுக்கு 19.07 வரிசையே கடைசி.

15 ஜனவரி

"வீட்டு வைஃபை 6ஈ ரவுட்டரை டப்பாவில் போட்டு வெளியில் வைக்கலாமா, 6 கிகாஹெர்ட்ஸ் காலியாகத்தானே கிடக்கிறது?" என்று ஒருவர். அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி இதை எதிர்பார்த்தே எழுதியிருக்கிறது. கட்டடத்துக்குள் மட்டும் ஓட வேண்டிய இந்தக் குறைந்த சக்தி வகைக்கு மழை தாங்கும் உறையும் கூடாது, பேட்டரியும் கூடாது, ஆன்டெனாவைக் கழற்றவும் கூடாது. டப்பா என்ற யோசனை உங்களுக்கு முன்பே அவர்களுக்கு வந்துவிட்டது.

27 ஜனவரி

கேபிளும் மின்சாரமும். நான் போய்ப் பார்த்த "மெஷ் பிரச்சினை"களில் பெரும்பாலானவை கடைசியில் இங்கேதான் வந்து நின்றன.

12 வோல்ட் அடாப்டர், மலிவான இன்ஜெக்டர் (கேபிளில் மின்சாரத்தைச் செலுத்தும் சிறு பெட்டி), 50 மீட்டர் கேபிள். வழக்கமான 24 ஏடபிள்யூஜி செம்புக் கம்பி மீட்டருக்கு 0.084 ஓம். பாசிவ் பிஓஇயில் போக இரண்டு கம்பி, வர இரண்டு கம்பி, ஆக 50 மீட்டருக்கு மொத்தம் 4.2 ஓம். 6 வாட் பெட்டி 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும், கேபிளிலேயே 2 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். வோல்ட் குறைந்தால் பெட்டிக்குள் இருக்கும் கன்வெர்ட்டர் ஆம்பியரைக் கூட்டும், இழப்பு இன்னும் கூடும். சும்மா இருக்கும்போது ஓடும். எல்லோரும் வந்து டிராஃபிக் ஏறியதும் ரீபூட் ஆகும். மேஜையில் சின்னக் கேபிளில் வைத்துச் சோதித்தால் குறையே இருக்காது. ஃபர்ம்வேரில் கோளாறு என்று வாரக்கணக்கில் அலைய வைக்கும் வகை இது.

24 வோல்ட்டில் அதே பெட்டிக்கு இழப்பு சுமார் 1.1 வோல்ட். 48 வோல்ட்டில் கவலையே வேண்டாம். 802.3ஏஎஃப் மூலத்தில் 15.4 வாட் தரும், 100 மீட்டர் கேபிளின் மறுமுனையில் 12.95 வாட் கிடைக்கும் என்று விதியே உத்தரவாதம் தருகிறது. ஏடி வகையில் 30க்கு 25.5.

ஏஎஃப் ஸ்விட்ச் மின்சாரம் தருவதற்கு முன் எதிரே 25 கிலோஓம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும். பாசிவ் இன்ஜெக்டர் எதையும் பார்க்காது, செருகியதும் பாயும். லேப்டாப்பில் செருகினாலும் பாயும். இன்ஜெக்டரின் இரண்டு துளைகளில் எது பிஓஇ என்று சிவப்பு டேப் ஒட்டி வையுங்கள். நீங்கள் மாற்றிச் செருக மாட்டீர்கள், துப்புரவுக்கு வருகிறவர் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டுவார்.

செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள் வேண்டவே வேண்டாம். மின்தடை ஒன்றரை மடங்கு, கிரிம்ப் செய்த இடத்தில் நாளடைவில் தளரும். கத்தியால் கம்பியின் முனையைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெளியே ஓடும் கேபிளுக்குக் கறுப்பு பாலிஎத்திலீன் உறை இருக்க வேண்டும். சாம்பல் நிற உள்ளறைக் கேபிள் வெயிலில் வெடித்து, விரலால் தொட்டாலே மாவாக உதிரும்.

11 பிப்ரவரி

மழைக்குப் பிறகு செத்துப்போன ஒரு நோடை இறக்கினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், குறை பெட்டியில் இல்லை, மாட்டிய விதத்தில். கேபிள் மேலிருந்து நேராக இறங்கிக் கனெக்டருக்குள் போயிருந்தது. முந்தைய ஒப்பந்தக்காரரின் கைவண்ணம். கேபிளின் மேல் வழிந்த தண்ணீர் நேரே உள்ளே.

ஆர்ஜே45 பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எட்டில் ஆறு பின்கள் இன்னும் பொன்னிறமாகவே இருந்தன. 4, 5 மட்டும் பச்சை பிடித்து, 5 பாதி அரித்துப் போய்க் கூர்மையாக நின்றது. பாசிவ் பிஓஇயில் பாசிட்டிவ் ஓடுவது அந்த இரண்டில்தான். ஈரமும் நேர்மின்சாரமும் சேர்ந்தால் பாசிட்டிவ் பக்கத்து உலோகம் கரைந்து போகும். டேட்டா ஓடும் 1, 2, 3, 6 நன்றாக இருந்ததால், மேஜையில் கேபிள் டெஸ்டர் எல்லா விளக்கையும் பச்சையாகவே காட்டியது. டெஸ்டர் கம்பி தொடுகிறதா என்றுதான் பார்க்கும், கால் ஆம்பியர் தாங்குமா என்று பார்க்காது. பெட்டிக்குள் மூலையில் சின்னதாகக் குளவிக் கூடு வேறு. வாடகை கேட்கவில்லை.

அதனால்: கேபிள் பெட்டிக்கு வரும் முன் கீழே இறங்கி வளைந்து மேலே ஏற வேண்டும், சொட்டு வளைவின் அடியில் விழுந்துவிடும். கிளாண்ட் (கேபிள் உள்ளே நுழையும் அடைப்பு) எப்போதும் கீழ்நோக்கி. பிளக்கில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ். 'என்' வகை கனெக்டரைச் சுற்றி செல்ஃப்-அமால்கமேட்டிங் டேப் (தன்னோடு தானே ஒட்டி ஒன்றாகும் ரப்பர் டேப்), அதற்கு மேல் வெயிலுக்குச் சாதா கறுப்பு டேப்.

ஐபி67 என்று போட்டிருக்கிறதே என்பீர்கள். 6 தூசிக்கு. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். பகலில் சூடாகி, மழை விழுந்ததும் சட்டென்று குளிர்ந்து, உள்ளே காற்று சுருங்கி ஈரத்தை இழுத்துக்கொள்வதை அந்தச் சோதனை பார்ப்பதில்லை. முழுக்க அடைத்த பெட்டியைவிட, அடியில் காற்று போகும் சவ்வுத் துளை உள்ள ஐபி65 பெட்டி அதிக நாள் வாழ்வதைப் பார்க்கிறேன். மேலே துளை போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், அது தண்ணீர்த் தொட்டி.

12 பிப்ரவரி

மரம். நேர்கோட்டில் கண்ணுக்கு எதிர்க் கம்பம் தெரிந்தால் போதாது, அந்தக் கோட்டைச் சுற்றி ஃப்ரெனல் மண்டலம் (அலை பரவிப் போகும் முட்டை வடிவ இடம்) காலியாக இருக்க வேண்டும். 200 மீட்டருக்கு நடுப்புள்ளியில் ஆரம் 5.5இல் சுமார் 1.65 மீட்டர், 2.4இல் 2.5 மீட்டர். இதில் 60 சதவீதமாவது தெளிவாக இருக்கட்டும். இலை என்பது தண்ணீர்ப் பை. மழை நேரத்தில் இன்னும் மோசம். இலை உதிர்ந்த பருவத்தில் அளந்து மாட்டிவிட்டு, துளிர்த்ததும் "மெஷ் நிலையாக இல்லை" என்று வருவார்கள். ஜனவரி 9ஆம் தேதிக் கணக்கில் 15 டிபி கையிருப்பு என்றேனே, ஒரு அடர்த்தியான மரமே 5 கிகாஹெர்ட்ஸில் அதை முழுங்கிவிடும்.

3 மார்ச்

மெஷ் மென்பொருளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். 802.11எஸ் 2011இல் வந்த தரம், வைஃபை அடுக்குக்குள்ளேயே வழி தேடும். பேட்மேன்-ஏடிவி என்ற வழித்தேடல் மென்பொருள் ஃப்ரைஃபுங்க் வட்டாரத்திலிருந்து வந்தது, லினக்ஸ் கர்னலில் 2.6.38 முதல் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தும் ஓட்டலாம்: 802.11எஸ் இணைப்பை மட்டும் தரட்டும், அதன் வழித்தேடலை அணைத்துவிட்டு பேட்மேனிடம் கொடுப்பது. நான் ஓட்டுவது இப்படித்தான்.

இதில் ஒரு கண்ணி. பேட்மேனின் நான்காம் வகை, தன் சிறு அறிவிப்புப் பாக்கெட்டுகள் எத்தனை தொலைந்தன என்று பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கும். அவை பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் பொதுவானவை), மிகக் குறைந்த வேகத்தில் போகும். குறைந்த வேகத்தில் −85இலும் பாக்கெட் ஒழுங்காகச் சேரும். ஆகவே அது "ஒரே ஹாப், எதுவும் தொலையவில்லை" என்று நீண்ட பலவீனமான இணைப்பைப் பிடித்துக்கொள்ளும், பக்கத்திலேயே இரண்டு நல்ல ஹாப் சும்மா நிற்கும். இந்த அறிவிப்புகள் போகும் மல்டிகாஸ்ட் வேகத்தை 12 அல்லது 18 மெகாபிட்டுக்கு உயர்த்துங்கள், பலவீனமான அண்டை வீட்டார் தானாகக் கழன்றுகொள்வார்கள். 802.11எஸ்ஸின் ஆர்எஸ்எஸ்ஐ (வந்து சேரும் சிக்னலின் பலம்) வரம்பை −75 சுற்றி வைப்பதும் உதவும். ஐந்தாம் வகை வேகத்தையே அளவாக வைத்துக்கொள்கிறது, டிரைவர் சொல்லும் வேகம் நம்பகமாக இருந்தால் அது மேல்.

1 வாட் பெட்டி வாங்கியவர்களுக்கு இந்தக் கண்ணி இன்னும் ஆழம். தூரத்து நோடெல்லாம் மங்கலாகக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, இரண்டு மெஷ் நோடுகளை ஒரே ஸ்விட்சில் செருகினால் வட்டம் உருவாகும். பேட்மேனில் பிரிட்ஜ் லூப் தவிர்ப்பைப் போட்டுவையுங்கள். போடாத இடத்தில் ஸ்விட்சின் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் மின்னுவதைப் பார்த்திருக்கிறேன். அழகாகத்தான் இருந்தது, இணையம் மட்டும் இல்லை.

5 மார்ச்

5 கிகாஹெர்ட்ஸில் சேனல் தேர்வு. 36 முதல் 48 வரை ஐரோப்பா உட்படப் பல இடங்களில் வெளியே கம்பத்தில் நிலையாக மாட்டும் பெட்டிக்குக் கிடையாது. 100 முதல் 144 வரை போனால் டிஎஃப்எஸ்: ரேடார் இருக்கிறதா என்று 60 விநாடி கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்க வேண்டும், வானிலை ரேடார் பகுதியில் ஐரோப்பாவில் 10 நிமிடம். இடையில் ரேடார் கேட்டால் உடனே காலி செய்து 30 நிமிடம் அந்தப் பக்கம் தலைவைக்கக் கூடாது. சாதா அக்சஸ் பாயிண்டுக்கு இது சின்ன தொல்லை. மெஷ்ஷில் எல்லா நோடும் ஒரே சேனலில் இருந்தாக வேண்டும், ஒரு நோடு மட்டும் ரேடார் கேட்டதாக நினைத்து ஓடினால் வலை இரண்டாகப் பிளக்கும். உயரமான கம்பத்தில் உள்ள நோடுதான் பெரும்பாலும் ஓடும். விமான நிலையம், துறைமுகம் பக்கம் என்றால் வாங்கும் முன்பே ஒரு பெட்டியை மேலே வைத்து லாக் பாருங்கள். 149க்கு மேல் வெளியில் அனுமதி உள்ள நாடு என்றால் உங்களுக்கு யோகம்.

20 ஏப்ரல்

ஜனவரியில் "இரண்டு ரேடியோ போதும்" என்ற தொனியில் எழுதியது இப்போது படிக்கும்போது கொஞ்சம் உறுத்துகிறது. 2.4 மக்களுக்கு, 5 பேக்ஹாலுக்கு என்ற பிரிவு ஒரு காலத்தில் சரி. இன்று 2.4இல் புளூடூத், கேமரா, பக்கத்துக் கட்டடத்து ரவுட்டர் எல்லாம் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன, மூன்றே மூன்று தனிச் சேனல்கள். எல்லா போனும் 5ஐத் தேடுகிறது. அப்போது மூன்று ரேடியோ என்றாகிறது.

ஆனால் மூன்றையும் ஒரே பெட்டியில் வாங்க நான் தயங்குவேன். ஒரே உறைக்குள் இரண்டு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, ஒன்று பேசும்போது இன்னொன்றின் காது அடைக்கும். நல்ல ஃபில்டர் போட்ட பெட்டியில் சமாளிப்பார்கள், சேனல்களை ஒன்று அடிக்கும் ஒன்று நுனிக்கும் தள்ளி வைத்தால். என் விருப்பம்: ஒரு திசைப் பெட்டி, ஒரு இரண்டு பேண்ட் அக்சஸ் பாயிண்ட், நடுவில் ஒரு மீட்டர் ஈதர்நெட் கேபிள், கம்பத்தில் மேலும் கீழுமாக. ஒன்று போனால் ஒன்றை மட்டும் மாற்றலாம். தரம் மாறினால் அக்சஸ் பாயிண்டை மட்டும் மாற்றலாம்.

எட்டு கட்டடத்துக்கு நான் வரைவது இதுதான். முதல் கட்டடத்தின் உச்சியிலிருந்து பார்வை தெளிவாக உள்ள மூன்று நான்கு கட்டடங்களுக்கு நேரடித் திசை இணைப்பு. மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மிச்சத்துக்கு, பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒரு ஹாப், மிஞ்சினால் இரண்டு. மெஷ் அந்தக் கடைசி ஹாப்புகளுக்கும், ஒரு வழி அறுந்தால் மறு வழி பிடிப்பதற்கும் மட்டும். எட்டு ஓம்னி எட்டுத் திசையிலும் கத்தும் படம் விளம்பரத்தாளுக்கு நன்றாக இருக்கும். நகரம் முழுக்க அப்படிப் போட முயன்ற ஃபிலடெல்ஃபியா திட்டத்திலிருந்து எர்த்லிங்க் நிறுவனம் 2008இல் விலகியதை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே கம்பத்தில் போட்ட கணக்கு கட்டடச் சுவருக்குள் சிக்னலாகப் போய்ச் சேரவில்லை.

2 ஜூன்

இடி மின்னல் பருவம் தொடங்கும் முன் கேட்டிருக்கிறீர்கள், நல்லது. நேரடி இடிக்கு எந்தக் கருவியும் இல்லை. பக்கத்தில் விழும் இடி கேபிளில் தூண்டும் மின்னழுத்தத்துக்குத்தான் சர்ஜ் ப்ரொடெக்டர், அதுவும் தடித்த எர்த் கம்பியோடு. எர்த் கொடுக்காத ப்ரொடெக்டர் இன்னொரு கழன்றுகொள்ளும் கனெக்டர், அவ்வளவே. கம்பத்தையும் அதே எர்த்தில் இணையுங்கள். பின்னாளில் தோண்ட அனுமதி கிடைத்தால்கூட கட்டடத்துக்குக் கட்டடம் செம்புக் கேபிள் ஓட்டாதீர்கள், ஃபைபர் போடுங்கள். இரு கட்டடத்து எர்த்துக்கும் உள்ள வேறுபாடு உங்கள் ஸ்விட்ச் வழியாகச் சமன் ஆகப் பார்க்கும்.

9 ஜூன்

ஏணி இல்லாமல் பிழைக்க: ஒவ்வொரு கட்டடத்திலும் பிஓஇயைத் தூரத்திலிருந்து அணைத்துப் போடும் ஸ்விட்ச். ஒரே மாடல், ஒரே ஃபர்ம்வேர், கையிருப்பில் அதே அமைப்பு ஏற்றிய ஒரு பெட்டி. சேனல் மாற்றுவதோ ஃபர்ம்வேர் ஏற்றுவதோ எப்போதும் கடைசி நோடிலிருந்து தொடங்கி முதல் கட்டடத்தை நோக்கி வாருங்கள். நடு நோடை முதலில் மாற்றினால் அதற்கு அப்பால் உள்ளதெல்லாம் பழைய சேனலில் உங்களுக்காகக் காத்திருக்கும், நீங்கள் ஏணியைத் தேடுவீர்கள்.